கையுறையோடு வரைந்தது

மெடோ லேக்கில் என் பட்டறைக்குள்
கணப்பு இருபத்திரண்டு டிகிரியில் நிற்கிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொன்று.
நடுவே ஒரு கதவு.
அதன் தாழ்ப்பாளில் வெள்ளை மயிராய் உறைபனி.

மேசையில் நான் வரைந்த துப்பாக்கி.
மூன்று வாரம், நாலு அழிரப்பர்.
ரேகை ஓடும் வால்நட் கட்டை,
இருபத்தாறு அங்குலக் குழல்,
மேலே ஒரு தொலைநோக்கி.
கல்யாணத்துக்குக் கூட்டிப் போகலாம்,
அவ்வளவு லட்சணம்.

ஈல்-ஆ-லா-க்ராஸிலிருந்து வந்த
க்ளோதில்ட் டேஜார்லே
தாளை ஒருமுறை பார்த்தாள்.
பூட்ஸின் பனி உருகித் தரையில் ஓடிற்று.
மூஸ் தோல் கையுறையில் ஒன்றைக் கழற்றி
என் பக்கம் வீசினாள்.
"ஓரெஸ்ட், இதைப் போட்டுக்கொண்டு பென்சிலைப் பிடி."

போட்டேன்.
கட்டைவிரல் தனிக்குடித்தனம்,
மற்ற நாலும் கூட்டுக்குடும்பம்.
விசையைச் சுற்றி நான் வரைந்த வளையம்
ஒரு விரலுக்கான மோதிரம்.
அழித்தேன். லாடம் அளவுக்கு அகன்றது.
பட்டாணியாய் இருந்த பாதுகாப்புப் பூட்டு
தோல் வழியாகவும் தட்டுப்படும் முண்டாயிற்று.
போல்ட்டின் பிடி நீண்டு
நுனியில் கோழிமுட்டை வைத்துக்கொண்டது.

"எண்ணெய்?" என்றேன்.
"எண்ணெய் தேனாகும், தேன் மெழுகாகும்.
போன ஜனவரியில் விசையை இழுத்தேன்.
உள்ளே ஊசி
திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறவன் மாதிரி
நடந்து போயிற்று."
"மூஸ் என்ன செய்தது?"
"சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது.
அப்புறம் அதற்கும் வேலை இருந்தது."

ஆக, எண்ணெய் இல்லை.
உலர்ந்த இரும்பு, உராயும் இடத்தில்
என் பென்சிலின் கரித்தூள்.

கழன்று வரும் தோட்டாப் பெட்டியும் கூடாது.
பனியில் விழுந்தால் ஏப்ரலில்தான் கிடைக்கும்.
தொலைநோக்கி போயிற்று,
ஒரு மூச்சுப் பட்டால் குருடாகிவிடுமாம்.
முன்குறியில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தேன்.
வெள்ளை நிலத்தில் வெள்ளைப் புள்ளியா என்று
கேட்கக்கூட இல்லை, சிரித்தாள்.
தீக்குச்சித் தலையின் நிறத்துக்கு மாற்றினேன்.
செப்டம்பர் மழையில் வால்நட் ஊதிக் குழலைத் தள்ளும்.
எனவே அடுக்கி ஒட்டிய பிர்ச்.

தோட்டாவில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.
அட்டவணை, வளைகோடு,
காற்றில் சாயும் தூரம் எல்லாம் கணக்கிட்டு
ஒன்றைப் பொறுக்கியிருந்தேன்.
"எங்கள் ஊர்க் கடை அலமாரியில்
த்ரீ நாட் எயிட் இருக்கிறது.
பக்கத்தில் பீன்ஸ் டின்" என்றாள்.
கணக்குத் தாளை மடித்து வைத்தேன்.

கடைசியாகக் குழல்.
அதன் நீளம் என் பெருமை.
"சுடுவது ஒரு நொடி,
மற்றதெல்லாம் சுமப்பது" என்றாள்.
முதுகில் நூறு பவுண்டுத் தொடை,
முழங்கால் வரை சதுப்பு,
ஒவ்வொரு வில்லோப் புதரும்
குழலைப் பிடித்து விசாரிக்கிறதாம்.
ஆறு அங்குலம் வெட்டினேன்.
எனக்குத்தான் வலித்தது.

"வீட்டுக்குள் கொண்டுபோனால்
மூக்குக்கண்ணாடி மாதிரி வியர்க்கும்.
பூட்டிய கொட்டகையில், குளிரிலேயே கிடக்கட்டும்."
அதையும் ஓரத்தில் குறித்தேன்.
அவள் கிளம்பினாள்.

தாளைப் பார்த்தேன். அவலட்சணம்.
லாடம், முட்டை, குட்டைக் கழுத்து.
பிறகுதான் பார்த்தேன்,
கையுறை இன்னும் என் கையில்.
இருநூறு கிலோமீட்டர், ஒற்றைக் கையுறை.
உருவிக்கொண்டு வெளியே ஓடினேன்.
வண்டி நகரத் தொடங்கியிருந்தது.
நாலு விரலும் வியர்த்திருந்த கையால்
கதவின் கைப்பிடியைப் பற்றினேன்.

அவள் நிறுத்தினாள்.
என் கை உடனே வரவில்லை.
வந்தபோது
கொஞ்சம் தோல் அங்கேயே தங்கிவிட்டது.
கண்ணாடியை இறக்கி, கையுறையை வாங்கிக்கொண்டு,
என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
கைப்பிடியையும் பார்த்தாள்.
எதுவும் சொல்லவில்லை.

உள்ளே வந்து துணி சுற்றிக்கொண்டு
தாளில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்:
கன்னம் படும் இடத்தில் இரும்பு வேண்டாம்.
ஏன் என்று எழுதவில்லை.